பூட்டிய காப்பகமும் திறக்காத கதவும்

பாழடைந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளுக்குள் புகுந்து பார்ப்பது இப்போது உலகெங்கும் ஒரு வேடிக்கையாகிவிட்டது. கையில் செல்போன், நெற்றியில் டார்ச்சு விளக்கு. நடுராத்திரியில் சுவரேறிக் குதிக்கிறார்கள். துருப்பிடித்த கட்டிலைக் காட்டுகிறார்கள். உடைந்த ஜன்னலைக் காட்டுகிறார்கள். "இங்கே ஆவி உலவுகிறது, சத்தம் கேட்கிறதா?" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். படம் பிடித்தவனுக்குக் காசு. அதைக் காட்டுகிற கம்பெனிக்கு அதைவிடப் பெரிய காசு. அந்தக் கட்டிலில் கட்டுண்டு கிடந்தானே ஒருவன், அவனுக்கு என்ன?

அவன் யார்? எந்த ஊர்? என்ன வேலை பார்த்தான்? யார் கொண்டுவந்து விட்டார்கள்? ஏன் விட்டார்கள்? இதை எந்தப் படத்திலும் கேட்பதில்லை. ஆவியைத் தேடுகிறவனுக்கு ஆளைப் பற்றி அக்கறை கிடையாது.

தோழர்களே! நாமும் ஒரு மூடிய காப்பகத்தைப் பார்ப்போம். டார்ச்சு வேண்டாம், பட்டப்பகலிலேயே பார்ப்போம். அது தூர தேசத்தில் இல்லை. நமக்குப் பக்கத்து ஜில்லாவில்தான் இருக்கிறது.

குண்டலப்புலியூரில் நடந்தது

திருநாவலூரிலிருந்து விழுப்புரம் போய், அங்கிருந்து விக்கிரவாண்டிப் பக்கம் திரும்பினால் குண்டலப்புலியூர். அங்கே 'அன்புஜோதி' என்ற பெயரில் ஓர் ஆசிரமம் பல வருஷங்கள் நடந்தது. மனநோயாளிகள், ஆதரவற்ற முதியவர்கள், தெருவில் திரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ்!

2023 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்தது. எப்படி வந்தது? சுகாதார அதிகாரி சோதனை போட்டதால் வந்ததா? இல்லை. அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று அவருக்கு வேண்டியவர்கள் தரப்பில் ஒருவர் சென்னை ஹைகோர்ட்டுப் படியேறி ஆட்கொணர்வு மனுப் போட்டார். அதன் பிறகுதான் அதிகாரிகளின் ஜீப்பு அந்த வாசலில் வந்து நின்றது. 140 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் பலர் கொண்டுபோகப்பட்டார்கள். அடி, உதை, கட்டிப் போடுதல், பெண்களிடம் பலாத்காரம், குரங்கை ஏவிக் கடிக்க விடுதல் என்று வந்த புகார்களைப் பத்திரிகையில் படித்தவர்கள் பதறிப் போனார்கள். இன்னும் பலர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை என்றார்கள். மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கச் சட்டப்படி வாங்க வேண்டிய உரிமம் அந்த இடத்துக்கு இல்லை என்பதும் அப்போதுதான் அம்பலமாயிற்று. நடத்தியவர்கள் கைதானார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீசுக்குப் போயிற்று. யார் செய்த குற்றம் எது என்பதைக் கோர்ட்டு தீர்மானிக்கட்டும். அதில் நாம் தலையிடவில்லை.

நாம் கேட்பது வேறு. காப்பகத்தைப் பூட்டியாயிற்று. பத்திரிகைகள் நாலு நாள் எழுதின, மந்திரிகள் அறிக்கை விட்டார்கள். "தீர்ந்தது" என்று எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டார்கள். எது தீர்ந்தது? அந்த 140 பேரின் நோய் தீர்ந்ததா? அவர்களை அங்கே கொண்டுபோய்த் தள்ளிய காரணம் தீர்ந்ததா?

ஏர்வாடியிலும் பூட்டினார்கள்

இது முதல் பூட்டு அல்ல. ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியை மறந்துவிட்டோமா? 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி அதிகாலை. அங்கே தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் பிணைத்த சங்கிலியோடு வெந்து மடிந்தார்கள். அவர்கள் போட்ட கூச்சலை அக்கம்பக்கத்தார் கேட்டார்கள் என்றும், இரவில் கூச்சல் அங்கே வழக்கம்தானே என்று இருந்துவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். மனிதன் எரிகிற சத்தத்துக்கும் மனிதன் கட்டுண்டு அழுகிற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதபடி நம் காது பழகிப் போயிருந்தது!

ஒரே வாரத்தில் ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் சர்க்கார் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்தது. காப்பகத்தை நடத்தியவருக்குத் தண்டனையும் கிடைத்தது. "இனி ஒருபோதும் இப்படி நடக்காது" என்றார்கள். 2001-க்கும் 2023-க்கும் இடையில் இருபத்திரண்டு வருஷம். ஏர்வாடியின் பூட்டு குண்டலப்புலியூரின் கதவை அடைத்ததா?

பூட்டு ஒரு கட்டிடத்தைத்தான் அடைக்கும். கட்டிடத்துக்கு ஆள் அனுப்புகிற வறுமையை அது அடைக்காது.

"பெற்றவர்களே குற்றவாளிகள்" என்போருக்கு

குண்டலப்புலியூர்ச் செய்தி வந்தபோது டீக்கடையில் ஒரு குரல் கேட்டது. படித்தவர்கள் மத்தியிலும் அதே குரல்தான்: "பெற்ற பிள்ளையை இப்படிக் கொண்டுபோய்த் தள்ளலாமா? இவர்கள் மனிதர்களா?"

ஐயா, சற்று நில்லுங்கள். திருநாவலூர் ஒன்றியத்துக் கிராமங்களில் சங்க வேலையாகச் சுற்றுகிறவன் நான். ஒரு தாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

"நான் நடவுக்குப் போவணும் தம்பி. போனாத்தான் ராத்திரி உலை. இவனை அவுத்து வுட்டா பண்ருட்டி ரோட்டுல லாரிக்கு முன்னால போய் நிக்கிறான். கட்டிப் போட்டா, பெத்தவளா நீன்னு ஊரு கேக்குது. அவுத்து வுட்டா, ஏன் ஊர்மேல வுட்டேன்னு அதே ஊரு கேக்குது. நான் என்னா செய்யட்டும்?"

பதில் சொல்லுங்கள், என்ன செய்வாள்? மகனுக்கு வயது இருபத்தைந்து. கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவன். ஒரு நாள் காதில் யாரோ பேசுவதாகச் சொன்னான். சோற்றில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளினான். முதலில் மந்திரித்தார்கள். பிறகு குணசீலம் போனார்கள். பிறகு ஏர்வாடி தர்காவுக்குப் போனார்கள். பிறகுதான் டாக்டர். பட்டணத்து டாக்டர் மாத்திரை கொடுத்தார், கேட்டது. ஆனால் மாதாமாதம் ஒரு நோயாளியோடு துணைக்கு ஒருவர் போக வேண்டும். ஒருவனுடைய நோய்க்கு இரண்டு பேர் கூலி போயிற்று. பஸ் சத்தம் வேறு. மூன்றாம் மாதம் மாத்திரை நின்றது. ஐந்தாம் மாதம் குரல் திரும்பி வந்தது. ஆறாம் மாதம் கயிறு வந்தது.

ஆலைத் தொழிலாளி வீட்டிலும் கதை இதுதான். ஷிப்டுக்குப் போகாவிட்டால் சம்பள வெட்டு. தற்காலிகத் தொழிலாளியாக இருந்தால் வேலையே போச்சு. நோய் கண்டவன் தொழிலாளியாகவே இருந்தால் மேஸ்திரி அவனுக்கு வைத்தியமா பார்ப்பார்? "பைத்தியத்தை மிஷின் பக்கம் விடாதே" என்று வாசலைக் காட்டுவார்.

பணம் உள்ள வீட்டில் இந்த நோய் வந்தால் தனி அறை, தனி ஆள், தனி டாக்டர். வெளியே யாருக்கும் தெரியாது. கூலிக்காரன் வீட்டில் வந்தால் திண்ணைத் தூணும் கயிறும். நோய் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். கயிறு மட்டும் ஏழை வீட்டில்!

குடும்பத்தில் அடி இல்லையா, கொடுமை இல்லையா? இருக்கிறது. அதை நாம் மூடி மறைக்கவில்லை. ஆனால் கைதூக்கி விட யாரும் இல்லாத இடத்தில் அன்பும் களைத்துப் போகும். களைத்துப் போன தாயிடம் ஒருவர் வந்து, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கொண்டுவந்து விடுங்கள்" என்றால் அவள் கும்பிடத்தான் செய்வாள். உரிமம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லி அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? உரிமம் கேட்க வேண்டிய அதிகாரி அத்தனை வருஷமும் எங்கே போயிருந்தார்?

திருநாவலூர் பிறந்த ஊர்

நம் திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். கதை உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பந்தலுக்கு ஒரு கிழவர் ஓலையோடு வந்தார். "உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை இது. நீ எனக்கு அடிமை" என்றார். மணமகனுக்குக் கோபம் வந்தது. "பித்தன்" என்று ஏசினார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போயிற்று. வந்தவர் இறைவனே என்று தெரிந்தபோது, ஏசிய அந்தச் சொல்லாலேயே பாடத் தொடங்கினார் என்பது நம் பக்கத்துக் கதை.

நம்புகிறவர்கள் நம்பட்டும். நாம் ஒன்றை மட்டும் கேட்கிறோம். பித்தன் என்று பெயர் வாங்கிய இறைவனுக்கு இந்தச் சுற்று வட்டாரத்தில் கோவிலும் திருவிழாவும் இருக்கின்றன. பித்தன் என்று பெயர் வாங்கிய கூலிக்காரன் மகனுக்கு மாதம் ஒருமுறை மாத்திரையாவது உண்டா?

பழைய வியாபாரம்

"பைத்தியத்தைப் பூட்டி வைத்துப் பணம் பண்ணுவது" நேற்று வந்த வியாபாரம் என்று நினைக்காதீர்கள். 1794-ல் சென்னையில் முதல் பைத்தியக்கார விடுதியைத் தொடங்கியவர் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தியர் வாலண்டைன் கனோலி. கம்பெனி வாடகை கொடுத்தது, கனோலி நடத்தினார். நல்ல லாபம் பார்த்துப் பிறகு கைமாற்றி விற்றார். பின்னால் டால்டன் என்ற வைத்தியர் கைக்கு வந்தது. 'டால்டனின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்றே அதற்குப் பெயர். மனிதனின் மூளைக்கோளாறும் கம்பெனிக் காலத்தில் குத்தகைச் சரக்காக இருந்தது!

1871-ல்தான் கீழ்ப்பாக்கத்தில் 145 பேரோடு சர்க்கார் விடுதி திறந்தது. அதுதான் இன்றைய மனநல மருத்துவமனை. சாரதா மேனன் அம்மையார் 1961 முதல் பல வருஷம் அதற்குத் தலைமை வகித்தார். அடைத்து வைக்கிற இடமாக இருந்ததை வைத்தியம் பார்க்கிற இடமாக்கப் பாடுபட்டார். நல்ல காரியம். ஆனால் கீழ்ப்பாக்கம் சென்னையில் இருக்கிறது. கூலிக்காரன் திருநாவலூரில் இருக்கிறான். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் கூலி, ஒரு ராத்திரிப் பயணம், நீண்ட வரிசை. இந்த இடைவெளியில்தான் குண்டலப்புலியூர்கள் முளைக்கின்றன.

மூடுவதில் இரண்டு வகை

காப்பகத்தை மூடுவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. மூடுவதில் இரண்டு வகை உண்டு.

இத்தாலியில் திரியெஸ்தே என்று ஒரு துறைமுக நகரம். அங்கே சுமார் 1,200 பேர் அடைபட்டுக் கிடந்த பெரிய மனநோய் ஆஸ்பத்திரி ஒன்று. 1971-ல் பிராங்கோ பசாலியா என்ற டாக்டர் அதற்குத் தலைவரானார். நோயாளிகள் ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கூலி கிடையாது. 'வைத்தியம்' என்று பெயர்! "வேலை செய்தால் கூலி கொடு" என்று அவர்களைக் கொண்டே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பைத்தியம் என்று தள்ளப்பட்டவன் தொழிலாளி ஆனான், கூலி வாங்கினான்.

அந்த ஆஸ்பத்திரியில் சலவைத் துணி வண்டி இழுத்த ஒரு குதிரை உண்டு. பெயர் மார்க்கோ. கிழடானதும் அறுப்புக்கு அனுப்பப் பார்த்தார்கள். நோயாளிகள் மனுப் போட்டுக் காப்பாற்றினார்கள். 1973-ல் அதன் ஞாபகமாகப் பிரம்மாண்டமான நீலக் குதிரை ஒன்று செய்தார்கள். அதை ஊருக்குள் இழுத்துப் போகப் பார்த்தால் வாசல் போதவில்லை. வாசலை இடித்தார்கள், குதிரை வெளியே போயிற்று. பின்னாலேயே நோயாளிகளும் ஊர்வலமாகப் போனார்கள்.

ஆனால் வாசலை இடித்ததோடு பசாலியா நிற்கவில்லை. ஊருக்குள் வட்டாரத்துக்கு ஒரு மனநல நிலையம் திறந்தார். இரவு பகல் கதவு திறந்திருக்கும். வீடு இல்லாதவனுக்கு வீடு, வேலை இல்லாதவனுக்கு வேலை. 1978 மே மாதம் இத்தாலி நாடே புதிய மனநோய் ஆஸ்பத்திரி கட்டக் கூடாது என்று 180ஆம் எண் சட்டம் கொண்டுவந்தது. இன்று அந்தப் பழைய ஆஸ்பத்திரி வளாகத்தில் ரோஜாத் தோட்டம் இருக்கிறது. பேய் தேடிப் போகிறவனுக்கு அங்கே பூதான் கிடைக்கும்.

இது ஒரு வகை. இன்னொரு வகை அமெரிக்காவில் நடந்தது. 1955-ல் அங்கே மாநில மனநோய் ஆஸ்பத்திரிகளில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். 1963-ல் ஜனாதிபதி கென்னடி, ஊருக்கு ஊர் மனநல நிலையம் திறப்போம் என்று சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரிகளை மூடினார்கள். நிலையங்களோ திட்டமிட்டதில் பாதிகூட வரவில்லை. ஆஸ்பத்திரியை மூடினால் செலவு மிச்சம். நிலையம் திறந்தால் செலவு! முதல் பாதியைச் செய்தார்கள், இரண்டாம் பாதியை விட்டார்கள். விளைவு? நோயாளிகளில் பலர் நடைபாதைக்கும் சிறைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ், சிக்காகோ சிறைகள்தான் நாட்டிலேயே மனநோயாளிகள் மிக அதிகமாக இருக்கும் இடங்கள் என்று பேர் வாங்கின. கைவிட்ட பெரிய பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிடங்களில் இன்று டார்ச்சுப் பேர்வழிகள் படம் எடுக்கிறார்கள்.

குண்டலப்புலியூரை நாம் எந்த வகையில் மூடியிருக்கிறோம்? சொல்லுங்கள் மந்திரிகளே!

"முடியாது" என்போருக்கு

"இத்தாலி பணக்கார நாடு; நம்மால் முடியுமா?" என்று கேட்பார்கள். முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

1950-களில் அமிருதசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர் வளாகத்தில் கூடாரம் அடித்தார். நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்தார். நோயைக் குடும்பத்துக்குப் புரிய வைத்தார். நோயாளிகள் சீக்கிரமே வீடு திரும்பினார்கள். 1957-ல் நம் வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் குடும்பத்தோடு தங்கும் மனநல மையத்தை ஆரம்பித்தது. பெற்றவர்கள் குற்றவாளிகள் என்போரே, கேளுங்கள்: இடமும் துணையும் கொடுத்தால் குடும்பம் ஓடிப் போவதில்லை.

சாரதா மேனன் அம்மையாரும் சகாக்களும் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ப் நிறுவனம், 2010 முதல் புதுக்கோட்டை ஜில்லாக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் திரை. திரையில் சென்னை டாக்டர். பஸ்ஸிலேயே மாத்திரை. கிராமத்தான் பட்டணம் போகவில்லை. பட்டணத்து டாக்டர் கிராமத்துக்கு வந்தார். ஒரு தர்ம ஸ்தாபனத்தால் முடிந்தது சர்க்காரால் முடியாதா?

வைத்தியம் ஒன்றும் மந்திரம் அல்ல. காதில் குரல் கேட்கிற அந்த நோய்க்கு மனச்சிதைவு என்று பெயர். சூனியத்தால் வருவதில்லை, பாவத்தால் வருவதில்லை. 1950-களிலேயே அதற்கு மாத்திரை வந்துவிட்டது. தினம் விழுங்க மறுப்பவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ நாலு வாரத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. விடாமல் கொடுத்தால் பலர் வேலைக்கே திரும்புகிறார்கள். நிறுத்தினால் நோய் திரும்பும். ஆகவே பிரச்னை கண்டுபிடிப்பில் இல்லை; கொண்டு சேர்ப்பதில் இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் தலைமையில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடந்த ஆய்வு என்ன சொல்லிற்று? பெரும்பாலான மனநோய்களில் பத்துப் பேருக்கு ஏழு பேருக்கு மேல் சிகிச்சை எட்டவில்லை என்று சொல்லிற்று.

சட்டம் நம் பக்கம்

2017-ல் நிறைவேறி 2018 மே மாதம் அமுலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியில் பிணைக்கக் கூடாது என்கிறது 95ஆவது பிரிவு. சர்க்கார் செலவில் நடக்கும் மனநல சிகிச்சை ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது 18ஆவது பிரிவு. வறுமைக் கோட்டின் கீழ் உள்ளவர்களுக்கு, அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிகிச்சை இலவசம். முக்கிய மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள எல்லா சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். குடும்பம் இல்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக ஒருவனைக் காப்பகத்திலேயே போட்டு வைக்கக் கூடாது என்கிறது 19ஆவது பிரிவு. 2016ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டமும் மனநோயைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இத்தனையும் ஏட்டில்! மத்திய சர்க்காரின் சுகாதார பட்ஜெட்டில் மனநலத்துக்கு ஒதுக்குவதோ நூற்றுக்கு ஒரு ரூபாய் என்கிற அளவு. உரிமையை நூறு ரூபாய்க்கு எழுதிவிட்டு, பையில் ஒரு ரூபாயை வைத்தால் மாத்திரை எங்கிருந்து வரும்?

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி ஜில்லா ஆயிற்று. 2022-ல் மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. ஆகவே நாம் கேட்பது ஆகாயத்துப் பூ அல்ல:

திருநாவலூர் உட்பட ஒவ்வொரு ஒன்றியத்திலும் மனநல டாக்டர் வந்து பார்க்கும் நாள் என்று ஒரு நாளை நிச்சயம் செய்து, அதைச் சுவரில் எழுதி வை!

ஒவ்வொரு தடவையும் ஒரு மாத மருந்தைக் கையில் கொடு! ஊசி போடுகிறவர்களுக்குக் கிராம நர்சு வீட்டிலேயே போட ஏற்பாடு செய்!

ஒவ்வொரு காப்பகத்தின் வாசலிலும் உரிமத்தை எல்லோரும் படிக்கும்படி மாட்டு! சோதனைக்குப் போகும்போது கிராம சபைப் பிரதிநிதியையும் தொழிலாளர் சங்கப் பிரதிநிதியையும் சேர்த்துக்கொண்டு போ!

குண்டலப்புலியூரிலிருந்து மீட்கப்பட்டவர்கள் இன்று எங்கே, எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பகிரங்கமாகக் கணக்குக் கொடு!

குணமானவனுக்கு வேலை கொடு! நோயைக் காட்டி ஆலை வாசலில் யாரையும் விரட்டாதே!

தோழர்களே! மே முதல் தேதி நமக்குக் கொடி நாள். அன்று கிராம சபையும் கூடும் நாள். இந்தக் கோரிக்கைகளை அங்கே எழுந்து படியுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் தூணோடு கட்டுண்டு ஒருவன் இருந்தால், அவன் தாயைத் திட்டப் போகாதீர்கள். 14416 என்று ஒரு டெலிபோன் நம்பர் இருக்கிறது. சர்க்காரின் மனநல உதவி நம்பர், 2022 அக்டோபரில் தொடங்கியது, கூப்பிடக் காசில்லை. கூப்பிட்டுப் பேசுங்கள். ஆஸ்பத்திரிக்கு அந்தத் தாயோடு துணைக்குப் போங்கள். கூலி ஒரு நாள் போனால் நாலு பேர் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். வேலைநிறுத்தத்தில் ஒருவருக்கொருவர் அரிசி பங்கிட்டவர்கள் நாம். இது நமக்குப் புதிதல்ல.

காப்பகத்தைப் பூட்டியது போதும், இனி ஆஸ்பத்திரிக் கதவைத் திற! அது திறக்கும்வரை நாம் தட்டுவதை நிறுத்தப் போவதில்லை.